ஆரணி ஆற்றங்கரையிலே

தமிழ்நாட்டில் ஆரணி என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று ஊரறிந்த ஆரணி. பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர் போனது. 1751-ஆம் வருஷத்தில் ராபர்ட் கிளைவ் ஒரு சண்டையில் ஜயித்த இடம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்களே, அந்த ஆரணி. மற்றொன்று, சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் ஜில்லாவில், பெரியபாளையத்திற்குப் பக்கத்தில் சந்தடியில்லாமல் இருந்து வருகிறது. முதல் ஆரணியை நினைத்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் இரண்டாவது ஆரணியில் வந்து இறங்குவதில்லை. ஏனென்றால் இரண்டாவது ஆரணி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நாம் இன்று போகப் போவது இந்தத் தெரியாத ஆரணிக்குத்தான்.

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் போய்ப் புதுவாயல் என்னும் இடத்தில் மேற்கே திரும்பினால் சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடும். ரயிலில் போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிப் பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ இறங்கிப் பஸ் பிடிக்கலாம். வழியெல்லாம் இரண்டு உலகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காணலாம். ஒரு பக்கம் நெல் வயலும் ஏரிக்கரைப் பனை மரமும்; மறுபக்கம் ஆகாயத்தை முட்டும் புகைக் குழாய்களும், பழைய இரும்பைக் குவித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் லாரிகளும். கும்மிடிப்பூண்டியில் அரசாங்கம் தொழிற்பேட்டை ஏற்படுத்திய பிறகு, இந்தப் பக்கத்து வாலிபர்கள் கலப்பையையும் தறியையும் விட்டு ஆலைக்குப் போகத் தொடங்கினார்கள். வட நாட்டிலிருந்தும் தென் ஜில்லாக்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் என் சிற்றப்பா மகனும் ஒருவன். அவனைப் பார்க்கத்தான் நான் ஆரணிக்குப் போனேன். வெறும் க்ஷேமலாபம் விசாரிக்க என்று சொல்லிவிட முடியாது. சிற்றப்பா எனக்கு எழுதியிருந்த கடிதத்தில் பாதி அவனைப் பற்றியே இருந்தது. ஊரிலே கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய பிள்ளை, ஏழெட்டு மாதமாக ஆராதனைக்கே போகவில்லையாம். கேட்டால், "எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது" என்று பதில் எழுதுகிறானாம். "நீ படித்தவன், வாத்தியார். ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வா" என்பது சிற்றப்பாவின் உத்தரவு. எங்கள் வீட்டில் சிற்றப்பாவின் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது.

ஆரணிக்கு அந்தப் பெயர் ஆற்றினால் வந்ததா, ஆற்றுக்கு அந்தப் பெயர் ஊரினால் வந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆறு ஆந்திர நாட்டு மலைகளில் பிறக்கிறது. பிச்சாட்டூர் அணையில் சிறிது தங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு வந்து, பழவேற்காட்டு ஏரியை அடைகிறது. வருஷத்தில் பெரும்பகுதி அது மணல் ஆறு. ஆனால் வடகிழக்குப் பருவமழை பலத்துவிட்டால் அதன் குணமே வேறு. 2021 நவம்பரில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டபோது, கரையோரத்துக் கிராமங்கள் வெள்ளத்தில் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. ஆடி மாதத்திலோ, மேற்கே பெரியபாளையத்துப் பவானியம்மன் சந்நிதிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். வேப்பிலையையே ஆடையாக உடுத்திப் பிரார்த்தனை செலுத்துகிறார்கள். பக்கத்திலே சிறுவாபுரியில் முருகன் கோயில்; சொந்த வீடு வேண்டுமென்று நேர்ந்துகொள்கிறவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கூடுகிறார்கள். ஆக, கடவுளைத் தேடி ஜனங்கள் நடந்த பாதைகள் இந்தப் பிரதேசத்தில் ஏராளம். கடவுளைத் தேடிப் போவதற்கு நேரமே இல்லாதவன் என்ன செய்வது என்பதுதான் என் தம்பியின் பிரச்னை.

அவன் குடியிருப்பது ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில். நெசவு இவ்வூரின் பழந்தொழில். தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருவதாகப் பலரும் சொன்னார்கள். என்றாலும் நான் போய் இறங்கிய செவ்வாய்க்கிழமை காலை, தெருவில் கால் வைத்ததுமே முதலில் என்னை வரவேற்றது அந்தச் சத்தந்தான். கிழக்குக் கடற்கரை முழுவதும் ஒரு காலத்தில் இந்தச் சத்தத்தினால் வாழ்ந்தது. இங்கிருந்து பழவேற்காட்டுத் துறைமுகம் வழியாகத் துணி மூட்டைகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போயின. மலாய் நாட்டாரும் ஜாவாக்காரரும் கட்டம் போட்ட கைலியை இன்றைக்கும் 'கைன் பெலிக்காட்' என்கிறார்கள். 'பெலிக்காட்' வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான் அவர்கள் வாயில் நுழைந்து அப்படி ஆயிற்று.

தம்பி இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்ப வேண்டாமென்று சொல்லிவிட்டு, முன்கட்டில் குழித்தறியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர்களின் தாயார், எழுபது வயதுக்கு மேலிருக்கும், தறியிலே இருந்தார். காலால் மிதியை மிதிப்பதும், கையால் நாடாவை ஓட்டுவதும், படிமரத்தை இழுத்து அடிப்பதும் ஒரே தாளத்தில் நடந்தன. பேச்சும் நிற்கவில்லை. என் சம்பளம் என்ன, எத்தனை குழந்தைகள், சென்னையில் தண்ணீர் லாரி வருகிறதா என்பதையெல்லாம் அரை மணிக்குள் தெரிந்துகொண்டுவிட்டார். நடுவில் திடீரென்று கை நின்றது. பாவில் ஓர் இழை அறுந்திருக்கிறது! நான் உற்று உற்றுப் பார்த்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் குனிந்து, இரண்டு நுனியையும் விரலால் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். தறி மறுபடியும் ஓடிற்று.

"பாட்டி! ஒரு நாளைக்கு எத்தனை இழை அறும்?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யார் எண்ணுவார்கள், ஐயா? அறும், முடிய வேண்டியதுதான். அறுந்ததேயென்று அழுதுகொண்டு உட்கார்ந்தால் சேலை எப்போது இறங்கும்?" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாரிஸ் நகரத்துச் சமையற்காரர் ஒருவருடைய ஞாபகம் வந்தது. பெயர் சகோதரர் லாரன்ஸ். லொரேன் பிரதேசத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, யுத்தத்தில் சிப்பாயாக இருந்து காயம்பட்டுக் கால் நொண்டியானவர். பிறகு ஒரு பிரபுவின் வீட்டில் ஏவலாளாக இருந்தார். அப்போது கையில் எடுத்ததையெல்லாம் போட்டு உடைப்பவர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லியிருக்கிறார். 1640-ஆம் வருஷத்தில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். படிப்பு அதிகம் இல்லாதபடியால் குருப்பட்டம் இல்லை. அடுக்களை வேலைதான் கொடுத்தார்கள். அடுக்களை வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அப்படியிருந்தும் பதினைந்து வருஷம் அங்கே பாத்திரங்களோடு போராடினார். பிறகு மடத்தாருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். ஒரு தடவை பர்கண்டிக்குத் திராட்சரசம் வாங்கிவர அனுப்பினார்களாம். கால் சுவாதீனமில்லாத மனுஷர், படகிலே பீப்பாய்களின் மேல் உருண்டு புரண்டு அந்தக் காரியத்தையும் முடித்துக்கொண்டு வந்தார்.

இவரிடத்தில் அப்படி என்ன அதிசயம் என்றுதானே கேட்கிறீர்கள்? ஜெபவேளை, வேலைவேளை என்ற பேதமே இவருக்கு இல்லாமல் போய்விட்டது. கோயிலில் முழங்காற்படியிட்டு இருக்கும்போது கடவுள் எவ்வளவு சமீபமோ, அடுக்களையில் நாலு பேர் நாலு விதமாய் அவசரப்படுத்தும்போதும் அவ்வளவு சமீபமென்று கண்டார். சட்டியில் அப்பத்தைத் திருப்பிப் போட்டாலும் அவருக்காகவே திருப்பினார். 1666-ஆம் வருஷம் போஃபோர் என்ற ஒரு பெரிய குருவானவர் இவரைத் தேடி வந்து, பேச்சுக் கொடுத்துக் கேட்டு, குறித்து வைத்துக்கொண்டார். 1691-ல் லாரன்ஸ் இறந்த பிறகு அந்தக் குறிப்புகளும் அவருடைய சில கடிதங்களும் அச்சேறின. மடத்துப் பண்டிதர்கள் எழுதிய கனத்த கிரந்தங்களைப் புழு அரித்துக்கொண்டிருக்க, சமையற்காரருடைய இந்தச் சிறு புஸ்தகம் முந்நூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. இந்த நிலை அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் பத்து வருஷம் மிகவும் தவித்தார். மனம் ஓடிவிடும், பிடித்து இழுத்து வருவார், மறுபடி ஓடிவிடும். ஆனால் தவறியபோது அவர் அதைப் பற்றிப் புலம்பிப் பொழுதை வீணாக்கவில்லை. நான் இப்படிப்பட்டவன்தான் என்று கடவுளிடத்தில் ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆரணிப் பாட்டி முடிச்சுப் போட்டது போலத்தான்!

பகல் இரண்டு மணிக்குத் தம்பி எழுந்தான். ஆள் பாதியாகியிருந்தான். முழங்கைக்குக் கீழே நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். சாப்பிட்டுக்கொண்டே தன் வேலையைச் சொன்னான். ஓர் இரும்பு உருக்காலையில் உலையடியில் நிற்கிறான். பழைய இரும்பைக் கொட்டி, மின்சாரத்தினால் உருக்கி, அச்சில் வார்க்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வாராந்தர ஓய்வு அவனுக்குப் புதன்கிழமை. ஒப்பந்தக்காரர் வைத்தது சட்டம். ஞாயிற்றுக்கிழமை கேட்டால், "அதைக் கேட்க இங்கே நூறு பேர் இருக்கிறார்கள்" என்கிறாராம்.

"அண்ணா! நீங்கள் எதற்கு வந்தீர்களென்று எனக்குத் தெரியும்" என்றான். "அப்பா எழுதியிருப்பார். முதல் இரண்டு மாதம் எனக்கு அழுகையாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு போவார்கள். நான் கரியோடு வந்து படுப்பேன். வருஷப் பிறப்பன்று கோயிலில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்களே, அதுகூட எனக்காக இவள்தான் எடுத்து வந்தாள். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் பயமாயிருக்கிறது."

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நள்ளிரவு ஆராதனையில், வேத வசனம் அச்சடித்த அட்டைகளைத் தட்டில் வைத்து எடுக்கச் சொல்வது நம் சபைகளில் வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் பிடித்த வசனம் வரவில்லையென்று இரண்டாந்தரம் கைவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கடவுள் சமீபமாயிருக்கிறார் என்பதற்கு லாட்டரிச் சீட்டுப் போல் ஓர் அத்தாட்சி நமக்கு வேண்டியிருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு அதைச் சுவரில் மாட்டிவிட்டால், மறு வருஷம் வரை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

மறுநாள் புதன்கிழமை. குழந்தையையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். ஆற்றின் போக்கிலேயே போவது போலப் பொன்னேரிக்குப் போய், அங்கே பஸ் மாறினோம். போகப் போக மண்ணின் நிறம் வெளுக்கிறது. காற்றில் உப்பு வாசனை ஏறுகிறது. பிறகு பரந்த ஏரி! சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுவே. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும்போது, தண்ணீரின் மேல் ரோஜா நிறத்தில் கோடு கிழித்தது போலிருக்கும். எங்கள் அதிர்ஷ்டம், தூரத்தில் ஒரு கூட்டம் இருந்தது. குழந்தைக்கு அதைவிட ஐஸ் வண்டியில்தான் சிரத்தை.

பழவேற்காட்டின் சரித்திரம் முழுவதும் வெளியூரார் வந்து போன சரித்திரம். போர்த்துகீசியர் வந்தார்கள், 1515-ல் அவர்கள் எழுப்பியதாகச் சொல்லப்படும் மாதா கோயிலின் வழியில் வந்த மகிமை மாதா ஆலயம் இப்போது புதிய கட்டடத்தில் இருக்கிறது. பிறகு டச்சுக்காரர் வந்து 1613-ல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக நெடுநாள் இருந்த அந்தக் கோட்டை, இன்று புதர் மண்டிய மேடு. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவர்களும் போய்விட்டார்கள். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கிடப்பவர்கள் மிளகும் துணியும் விற்று லாபம் கண்டவர்கள். வாசலிலே மரணத்தை நிறுத்திக்கொள்ள அவர்களுக்குத் தோன்றியது ஆச்சரியந்தான்.

அந்த டச்சுக் காலத்தில் இங்கே குருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் என்பவரை மறக்கக் கூடாது. பத்மநாபன் என்னும் பிராமணரோடு உட்கார்ந்து, நம் நாட்டு ஆசாரங்களையும் நம்பிக்கைகளையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-ல் வெளிவந்த அந்த நூலில், பர்த்ருஹரியின் சுபாஷிதங்கள் டச்சு பாஷையில் இருந்தன. ஐரோப்பிய பாஷை ஒன்றில் அவை ஏறியது அதுவே முதல் தடவை. பீரங்கி வைத்துக்கொண்டு வந்தவர்கள் நடுவே, பக்கத்து வீட்டுக்காரனின் மனத்தைக் கேட்க விரும்பிய ஒருவரும் இருந்தார் என்பது நமக்கு ஆறுதல்.

கல்லறைகளை விட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். கரையிலுள்ள மீனவர் குப்பங்களில் ஒன்றுக்குப் பெயரே நடுவூர் மாதா குப்பம். இப்பகுதி மீனவர்களிடையே பாடு முறை என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் நன்றாய்க் கிடைக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே சமயத்தில் வலை போட்டால் அடிதடியில் முடியும் அல்லவா? ஆகையால் இன்னின்ன நாளில் இன்னின்னார் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முறை வந்தவன் போகிறான். மற்றவன் கரையிலிருந்து வலையைச் செப்பனிடுகிறான். முறையில்லாத இடத்தில் வேறு வலையோடு சில்லறை மீன் பார்க்கிறான். முகத்துவாரம் மணலால் அடைபடுவதும், ஆலைகளும் துறைமுகங்களும் சுற்றிலும் பெருகுவதும் அவர்களுக்குப் பெருங்கவலை. முறை கிடைத்தாலும் மீன் கிடைப்பது நிச்சயமில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "பாடு இல்லாத நாளில் கோயிலுக்குப் போவீர்களோ?" என்று விசாரித்தேன்.

"போவேன். பாடு இருக்கிற நாளில் தண்ணீரில் கால் வைக்குமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான் நேரம் இருக்கும். அந்த அம்மாவுக்குத் தெரியாதா, எவனுக்கு என்றைக்குப் பாடு என்று?" என்றார்.

எங்கள் சபையாரிடம் சிலுவை அடையாளம் போடும் வழக்கம் இல்லை. மாதாவிடம் வேண்டிக்கொள்வதும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. வேதாகமத்தில் நெகேமியாவின் கதை இதுதானே? பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். ராஜா, "உனக்கு என்ன வேண்டும்?" என்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே, ராஜா காத்திருக்கும் அந்தக் கண நேரத்தில், நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினான் என்று எழுதியிருக்கிறது. முழங்காற்படியிட இடம் ஏது, கண்ணை மூடத்தான் இடம் ஏது?

இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்த அமெரிக்கர் ஒருவர் உண்டு. பிராங்க் லாபாக் என்று பெயர். முதியோருக்கு எழுத்தறிவிக்கும் இயக்கத்தினால் உலகப் பிரசித்தி பெற்றவர். 1935-ல் நம் நாட்டுக்கு வந்து காந்தியடிகளையும் கண்டு பேசியவர். அவர் 1930-ல் பிலிப்பைன் நாட்டில், மிந்தனாவோ தீவின் லானாவோ ஏரிக்கரையில், முஸ்லிம் ஜனங்களுக்கு மத்தியில் தன்னந்தனியே மனம் சோர்ந்திருந்தார். மணிக்கு அறுபது நிமிஷம். ஒவ்வொரு நிமிஷத்திலும் ஒரு கணமாவது கடவுளை நினைக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில் இதையே ஒரு விளையாட்டாக்கி, மார்க் போட்டுக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்தார். நான் உபாத்தியாயர், மார்க் என்றாலே எனக்குச் சற்று அலுப்பு. ஆனால் பெரும்பாலான நாட்களில் தாம் தோற்றதாக அவரே எழுதியிருப்பதால் மன்னித்துவிடலாம்.

ஏரிக்கரை மணலில் உட்கார்ந்து தம்பியிடம் லாரன்ஸையும் லாபாக்கையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அண்ணா! ஒன்று சொல்கிறேன்; அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பைத்தியம் என்பார்" என்று ஆரம்பித்தான்.

"உலையில் இரும்பு உருகிவிட்டதா என்று கறுப்புக் கண்ணாடி வழியாய் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு எத்தனையோ தடவை. முதல் தடவை பார்த்தபோதே எனக்கு ஞாயிறு பள்ளியில் படித்த கதை ஞாபகம் வந்தது. நேபுகாத்நேச்சார் ராஜா மூன்று பேரைக் கட்டி அக்கினிச் சூளையில் போட்டானே. எட்டிப் பார்த்தால் உள்ளே நாலு பேர் உலாவினார்களே, அந்தக் கதை. அது முதல், எட்டிப் பார்க்கும்போதெல்லாம் என்னையறியாமல் நாலாவது ஆளைத் தேடுகிறேன். தேடிவிட்டு, 'இருக்கிறீரா?' என்பேன். அவ்வளவுதான். பிறகு கரண்டியை எடுக்கப் போய்விடுவேன். இதுவும் ஜெபம் என்று நான் நினைத்ததில்லை."

சிறிது நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. எட்டு மாதமாகக் கோயிலுக்குப் போகாத பிள்ளை, ஒரு ராத்திரியில் எத்தனை தடவை கதவைத் தட்டியிருக்கிறான்! அவனுடைய அப்பாவோ, நானோ, ஞாயிறு தவறாமல் போகிற நாங்கள், திங்கள் முதல் சனி வரை எத்தனை தடவை தட்டினோம் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஆனால் அவன் அடுத்தாற்போல் கேட்டது கஷ்டமான கேள்வி. "அப்படியானால் கோயிலே வேண்டாமா, அண்ணா?"

வேண்டாமென்று சொல்லிவிட்டால் சுலபம். இந்தக் காலத்தில் பலருக்கு அது பிடிக்கவும் பிடிக்கும். என் மனம் ஒப்பவில்லை. லாரன்ஸ் அடுக்களையில் கடவுளைக் கண்டாரென்றால், அந்த அடுக்களை ஒரு மடத்துக்குள் இருந்தது. மணியடித்தால் கூடிப் பாடும் சகோதரர்கள் சுற்றிலும் இருந்தார்கள். நம் நாட்டிலேயே கண்முன் உதாரணம் உண்டு. 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள் இரண்டு வைத்தியர்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன்; தமிழர். மற்றவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்துக்காரர், பெரிய கம்பளி நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. நூல் ஆலை வாரிசு நம் கதரை உடுத்திக்கொண்டு வந்து ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார்! 1932-ல் சென்னையில் மறியலைப் பார்த்துக்கொண்டு நின்ற அவரை, கதர் அணிந்த குற்றத்துக்காகப் போலீஸார் அடித்தார்கள். அந்தச் செய்தி பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை போயிற்று. ஜனங்கள் இவ்விருவரையும் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். நாள் முழுதும் நோயாளிகளின் புண்ணைக் கழுவுவதும் ஆராதனையே என்று எண்ணிய இவர்கள், ஆராதனைக்கென்று நம் நாட்டுக் கோயில் சிற்ப முறையில் ஓர் ஆலயத்தையும் எழுப்பினார்கள். புண்ணைக் கழுவும் கைக்கு, கூப்பி நிற்க ஓர் இடம் வேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"நாலாவது ஆளை அந்த மூன்று பேரும் சேர்ந்துதானே கண்டார்கள்? தனித் தனியே மூன்று சூளையில் அல்லவே" என்றேன்.

தம்பி மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தான். "மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்க்கிறேன். என்னோடு உலையடியில் நிற்கும் பீஹார்க்காரனுக்குச் சத் பூஜைக்கு லீவு வேண்டுமாம். இரண்டு பேருமாய்ப் போய்க் கேட்டால் ஒருவேளை கொடுப்பார்கள்" என்றான்.

"கொடுக்காவிட்டால்?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"கொடுக்காவிட்டால் புதன்கிழமை இருக்கவே இருக்கிறது. வீட்டில் நீ இருக்கிறாய், குழந்தை இருக்கிறாள். மூன்று பேர் ஆயிற்று" என்றான். அவள் சிரித்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து அந்தப் பெண் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ஆரணிக்குத் திரும்பியபோது ஆற்றுப் பாலத்தின் மேல் நல்ல காற்று. அன்று இரவு பத்து மணிக்குத் தம்பிக்கு வேலை. எட்டரைக்குச் சாப்பாடு முடிந்து, பாய் விரித்துக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். 139-ஆம் சங்கீதத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள். பாட்டுக்குத் தம்பியே சுருதி எடுத்தான். குரல் கரகரத்தது, ஆயினும் பழைய குரல் உள்ளே இருந்தது. முன்கட்டில் தறி சிறிது நேரம் நின்றது, பாட்டி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை ஜெபம் செய்யும் முறை. பெரியப்பாவுக்கும், பாட்டிக்கும், சிவப்புப் பறவைகளுக்கும் வேண்டிக்கொண்டுவிட்டு, அப்பாவின் கை இன்றைக்குச் சுடாதிருக்க வேண்டும் என்று முடித்தாள்.

ஆமென் சொல்வதற்கும் தெருமுனையில் ஆலைப் பஸ் ஊதுவதற்கும் சரியாயிருந்தது. தம்பி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டியபடியே ஓடினான்.